ரத்த அறிக்கையில் உருளைப்புழு: நாய், பூனை வளர்ப்போர் கேள்வி – பதில்

குடற்புழு பற்றிக் கேட்டு வரும் கடிதங்களோடு இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலும் சேர்ந்து வருகிறது. தடித்த எழுத்தில் அச்சான எண்களைப் பார்த்துப் பதறியவர்கள் சிலர்; எல்லாம் இயல்பு என்று வந்ததால் பூச்சி மருந்தைத் தள்ளிப்போட்டவர்கள் சிலர். இரு தரப்பினரின் கேள்விகளும் இங்கே.

45 நாள் லேப்ரடார் குட்டி வாங்கினோம். வயிறு பானைபோல உப்பியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2, பி.சி.வி. 28, வெள்ளையணு 22,000, ஈசினோபில் 14%. ஆனால் மலப் பரிசோதனையில் புழு முட்டை இல்லை. விற்றவரோ ‘பூச்சி மருந்து கொடுத்தாச்சு’ என்கிறார். யாரை நம்புவது?
*– வாசகி, திருப்பூர்*

ரத்தம், மலம், விற்றவர் சொன்னது எல்லாமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு.

முதலில் ஈசினோபில். வெள்ளையணுவில் இது ஒரு வகை. இதைச் சதவீதமாகப் படித்தால் ஏமாறுவோம். மொத்த வெள்ளையணுவோடு பெருக்கி, உண்மையான எண்ணிக்கையைப் பாருங்கள். 22,000-ல் 14% என்றால் 3,080. நாய்க்கு மேல் வரம்பு ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 1,250; பூனைக்குச் சுமார் 1,500. ஆகவே உங்கள் குட்டிக்கு உண்மையிலேயே கூடியிருக்கிறது. அதே 14%, வெள்ளையணு 6,000 உள்ள நாய்க்கு வந்திருந்தால் எண்ணிக்கை 840 மட்டுமே. அது இயல்பு.

இது ஏன் கூடுகிறது? நாயின் உருளைப்புழுவான டாக்சோகாரா கேனிஸ், பெரும்பாலும் தாய் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது. தாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், சினையின் 42-ஆம் நாளை ஒட்டி விழித்து, நச்சுக்கொடி வழியாகக் குட்டியின் ஈரலுக்குள் போகின்றன. பிறந்த பிறகு ஈரலிலிருந்து நுரையீரல், அங்கிருந்து மூச்சுக்குழல், விழுங்கப்பட்டுக் குடல் என்பது அவற்றின் பாதை. பிறந்து சுமார் 3 வாரத்தில் முட்டை மலத்தில் வரத் தொடங்கும். இளம்புழு திசுக்களுக்குள் ஊர்ந்து, தோலுரித்து, கழிவை வெளிவிடும்போதுதான் உடல் அதை எதிரியாகக் காண்கிறது. இன்டர்லூகின்-5 என்ற சமிக்ஞை எலும்பு மஜ்ஜைக்குப் போக, ஈசினோபில் உற்பத்தி ஏறுகிறது. குடலுக்குள் வந்து சேர்ந்து நிம்மதியாக மேயும் முதிர்ந்த புழு, ரத்தத்தை அந்த அளவு கிளறுவதில்லை.

இதிலிருந்து ஒன்று புரியும். ஈசினோபில் உச்சத்தில் இருக்கும் நாட்களில் மலத்தில் முட்டை இல்லாமல் இருக்கலாம். முட்டை கொட்டும் நாட்களில் ஈசினோபில் இறங்கியிருக்கலாம். ரத்தம் காட்டுவது புழுவை அல்ல, உடலின் எதிர்வினையை. புழு இருக்கிறதா என்பதை மலம்தான் சொல்ல வேண்டும், அதுவும் பலமுறை பார்த்தால்.

உங்கள் குட்டிக்கு, விற்றவர் கொடுத்த மருந்து குடலில் இருந்தவற்றைக் கொன்றிருக்கும். திசுக்களில் பயணிப்பவை தப்பியிருக்கும். அல்லது பிறந்த கூண்டின் மண்ணிலிருந்து புதிதாக முட்டைகளை விழுங்கியிருக்கும். அப்படி விழுங்கிய முட்டை முதிர்ந்த புழுவாகித் தானும் முட்டையிட 4 முதல் 5 வாரம் ஆகும். கொக்கிப்புழுவும் தெள்ளுப்பூச்சியும்கூட ஈசினோபிலை ஏற்றும் என்பதால் குட்டியின் ரோமத்தையும் விலக்கிப் பாருங்கள்.

ஹீமோகுளோபினைக் கண்டு பயப்பட வேண்டாம். பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணு அடைத்திருக்கும் பங்கு, சதவீதத்தில். அறிக்கையில் அச்சான 37–55 என்ற பி.சி.வி. அளவு வளர்ந்த நாய்க்கானது. குட்டிகளுக்குப் பிறந்ததும் உயர்ந்திருந்து, 4 முதல் 6 வாரத்தில் 30-ஐ ஒட்டி இறங்கும். பிறகு மெல்ல ஏறும். 28 சற்றுக் குறைவுதான், சத்து ஊசி போட ஓட வேண்டிய அளவு அல்ல. ஆனால் குட்டி வாந்தி எடுத்து நீர்ச்சத்து இழந்திருந்தால் 28 என்பதே பொய்யாக உயர்ந்த எண்ணாக இருக்கும். நீர்ச்சத்து ஏற்றிய பிறகு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என 3 முறை மலம் கொடுங்கள். முடிவுக்காக மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம். இன்று ஒரு முறை, 2 வாரம் கழித்து மறுமுறை. 45 நாள் குட்டிக்கு உருளைப்புழு இல்லை என்று நிரூபிப்பதைவிட, இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எங்கள் 2 வயதுப் பூனை வாந்தியில் 8 செ.மீ. நீளப் புழுவைக் கக்கியது. அடுத்த நாளே ரத்தம் பார்த்தோம். எல்லாம் நார்மல்! ஆய்வகம் தவறு செய்ததா?
*– வாசகர், நாகர்கோவில்*

தவறு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பூனையின் உருளைப்புழு டாக்சோகாரா கேட்டி. அது நச்சுக்கொடி வழியாகப் போவதில்லை. தாய்ப்பாலில் போகும், பிறகு எலி, பல்லி, கரப்பான் போன்றவற்றைத் தின்பதால் வரும். எலி வழியாக வரும் இளம்புழு, நுரையீரல் சுற்றுக்குப் போகாமல் இரைப்பை, குடல் சுவரிலேயே வளர்ந்துவிடுகிறது. திசுப் பயணம் குறைந்தால் ஈசினோபிலும் குறைவாகத்தான் ஏறும். நாய், பூனை இரண்டுக்கும் வரும் டாக்சாஸ்காரிஸ் லியோனினா என்ற இன்னோர் உருளைப்புழுவும் இப்படித்தான். குடலை விட்டு நகராது, ரத்தத்தில் தடம் வைக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. கூடையில் அடைத்து, நாய்கள் குரைக்கும் மருத்துவமனையில் ஒரு மணி நேரம் காக்கவைத்து, நாலு பேர் அமுக்கிப் பிடித்து ரத்தம் எடுத்தால் பூனையின் உடலில் கார்டிசால் ஏறும். அது ஈசினோபிலை ரத்தத்திலிருந்து விரட்டிவிடும். அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ பிரட்னிசலோன், டெக்சாமெத்தசோன் ஊசி போட்டிருந்தாலும் இதே கதைதான். நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி என்றால் வாரக்கணக்கில் எண்ணிக்கை தாழ்ந்தே இருக்கும். ஊசி போட்ட விவரத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

புழுவைக் கண்ணால் பார்த்தாயிற்று. இதற்குமேல் ரத்தத்திடம் சாட்சி கேட்பானேன்? மருந்து கொடுங்கள்.

நாக்குப்பூச்சி ரத்தம் உறிஞ்சுமா? எங்கள் நாட்டு நாய்க்கு ஹீமோகுளோபின் 4.8. ஈறு வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தா ‘பூச்சி தின்னுடுச்சு’ என்கிறார்.
*– வாசகர், தஞ்சாவூர்*

உருளைப்புழு ரத்தம் உறிஞ்சாது. குடலில் மிதக்கும் உணவைத் தின்கிறது. அதனால் வரும் சோகை லேசானது. ஊட்டக் குறைவாலும் நீடித்த அழற்சியாலும் மெதுவாக வருவது. 4.8 என்ற எண்ணை உருளைப்புழுவின் தலையில் கட்டினால் உண்மைக் காரணம் தப்பிவிடும்.

கொக்கிப்புழு என்றால் தாத்தா சொன்னது சரி. அன்சைலோஸ்டோமா கேனினம் என்ற அந்தச் சிறு புழு ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு 0.1 மி.லி. வரை ரத்தம் இழுக்கும். கடித்த இடத்திலிருந்து கசிவும் தொடரும். மலம் தார்போலக் கறுத்திருக்கும். நாள்பட்டால் இரும்புச்சத்து வற்றி, சிவப்பணு சிறுத்து, அறிக்கையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைந்து நிற்கும். மற்றொரு பெரிய சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். உண்ணி பரப்பும் கிருமிகளில் பேபீசியா சிவப்பணுவை உடைக்கும், எர்லிக்கியா தட்டணுவைக் குறைக்கும். தட்டணு 50,000-க்குக் கீழே இருந்து ஈசினோபிலும் கூடவில்லை என்றால் புழுவை விட்டுவிட்டு உண்ணியைத் தேடுங்கள். ஹீமோகுளோபின் 5-க்குக் கீழே போன நாய்க்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். இன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

2 மாதக் குட்டி. எஸ்.ஜி.பி.டி. 150, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 310, மொத்தப் புரதம் 4.3, அல்புமின் 2.0, சர்க்கரை 56. கடைக்காரர் ஈரல் டானிக் கொடுத்தார். ஈரல் கெட்டுவிட்டதா?
*– வாசகி, சேலம்*

ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனி அர்த்தம்.

எஸ்.ஜி.பி.டி. ஈரல் செல்லிலிருந்து கசிவது. இளம்புழுக்கள் ஈரலைத் துளைத்துப் போகும்போது இப்படி மிதமாக ஏறலாம்; பயணம் முடிந்தால் தானே இறங்கும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் வேறு விஷயம். வளரும் எலும்பிலிருந்தும் அது வருகிறது. குட்டிகளுக்கு வளர்ந்த நாயைவிட இரண்டு, மூன்று மடங்கு இருப்பதே இயல்பு. கால்சியமும் பாஸ்பரஸும்கூட அப்படித்தான். ஆகவே 310-ஐ மறந்துவிடுங்கள்.

அல்புமின் குட்டிகளுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் 2.0 கீழ் எல்லையைத் தொடுகிறது. குடல் நிறையப் புழு இருந்தால் உணவு உறிஞ்சப்படுவது குறையும், அழற்சியுள்ள குடல் சுவர் வழியே புரதமும் கசியும். 1.5-க்குக் கீழே இறங்கினால் வயிற்றில் நீர் கோக்கும், கால் வீங்கும். பானை வயிறு எல்லாம் புழு என்றும் நினைக்க வேண்டாம். ஸ்கேனில் நீரா, காற்றா, நூடுல்ஸ்போலச் சுருண்ட புழுக்களா என்று தெரிந்துவிடும். குளோபுலின் என்ற இன்னொரு ரத்தப் புரதத்தின் அளவையும் கேட்டு வாங்குங்கள். நாள்பட்ட புழுத் தொல்லையில் அல்புமின் குறைய, குளோபுலின் கூடும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் குடல் கசிவோ ரத்த இழப்போ காரணமாகலாம்.

சர்க்கரை 56. இதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். சாம்பல் நிற மூடியுள்ள ஃபுளோரைடு குழாயில் எடுத்தார்களா? சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு 5 முதல் 7% வரை குறைத்துவிடும். வெயிலில் இன்னும் வேகம். ஆனால் குட்டி துவண்டு, நடுங்கி, தள்ளாடினால் அந்த எண் உண்மை. உடனே ஈறில் தேனோ சர்க்கரைக் கரைசலோ தடவி, மருத்துவரிடம் போங்கள். டானிக் எதுவும் புழுவை வெளியேற்றாது.

வளர்ந்த கன்னி இன நாய், 3 வயது. ஈசினோபில் எண்ணிக்கை 2,900. மலம் மூன்று முறை பார்த்தும் முட்டை இல்லை. மாதாமாதம் பூச்சி மருந்து கொடுத்தும் குறையவில்லை. இடுப்பில் அரிப்பு உண்டு.
*– வாசகர், விருதுநகர்*

இடுப்பில், வாலடியில் அரிப்பு என்று நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். தெள்ளுப்பூச்சிக் கடி ஒவ்வாமைதான் முதல் சந்தேகம். நனைத்த வெள்ளைத் தாளின் மேல் நாயை நிறுத்தி ரோமத்தைச் சீவுங்கள். விழும் கருந்துகள் ஈரத்தில் செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம்.

ஆறு மாதம் தாண்டிய நாயில் விழுங்கப்பட்ட இளம்புழுக்களில் பெரும்பாலானவை குடலுக்குத் திரும்பாமல் தசை, சிறுநீரகம் என்று ஒதுங்கி உறங்கிவிடும். அங்கே சாதாரணப் பூச்சி மருந்து போகாது. ஆகவே உருளைப்புழுவும் ஒரு பங்கு வகிக்கலாம்; ஆனால் அதை மருந்தால் துரத்திக்கொண்டே இருப்பது வீண். கொசுவால் பரவும் ஃபைலேரியாவுக்கு ரத்தத் துளியில் நுண்புழு பார்க்கவும், இதயப்புழுவுக்கான ஆன்டிஜென் சோதனை செய்யவும் கேளுங்கள். தோல் ஒவ்வாமை, உணவு ஒவ்வாமை, அட்ரீனல் சுரப்பி குறைபாடு, மாஸ்ட் செல் கட்டி என்று பட்டியல் நீளும். வரிசை மருத்துவர் கையில்.

வேட்டை நாய் வகைகளில் இன்னொரு சிக்கல். கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி ஓட்ட நாய்களின் ஈசினோபில்கள் சாயம் பிடிக்காமல், சாம்பல் நிறத்தில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். பழகாத கண்ணும் கருவியும் அவற்றைத் தவறவிடும். கன்னி, சிப்பிப்பாறைக்காரர்கள் கையால் எண்ணிய டிஃபரன்ஷியல் (வெள்ளையணுவின் வகைவாரிக் கணக்கு) கேட்பது நல்லது.

புழு போகவே இல்லை என்று மனிதருக்கான அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை 5 நாள் நாய்க்குக் கொடுத்தோம். இப்போது காய்ச்சல். வெள்ளையணு 2,100, தட்டணு 40,000.
*– வாசகர், திண்டுக்கல்*

நிறுத்துங்கள். அல்பெண்டசோல் நாய், பூனைகளின் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கக்கூடியது. வெள்ளையணு, தட்டணு, பிறகு சிவப்பணு என்று மூன்றும் சரியும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் மஜ்ஜை மீள்வதே வழக்கம்; இடைப்பட்ட நாட்களில் தொற்று ஏறாமல் பார்க்க வேண்டும். நாயை அனுமதிக்க வேண்டியிருக்கலாம். பார்வோ வைரஸும் எர்லிக்கியாவும் இதே எண்களைத் தரும் என்பதால் அவற்றையும் மருத்துவர் சோதிப்பார். என்ன மருந்து, எத்தனை மாத்திரை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சரியான மருந்தளவு என்ன? ரத்தம் மறுபடி எப்போது பார்ப்பது?
*– பலர்*

பைரான்டெல், நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி.; பூனைக்கு 20 மி.கி. வரை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 5 மி.கி. என்பது பைரான்டெல் மட்டும். லேபிளில் ‘பாமோயேட்’ அல்லது ‘எம்போனேட்’ உப்பின் எடை அச்சாகியிருந்தால் அதே 5 மி.கி.க்கு 14.4 மி.கி. உப்பு தேவை. அடுத்த சறுக்கல், பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றுவது. மருந்து அடியில் படிந்துவிடும். முதலில் குடித்த குட்டிக்கு இனிப்புத் தண்ணீர், கடைசிக் குட்டிக்கு மிகை. குட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்தி எடை போடுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

ஃபென்பெண்டசோல் கிலோவுக்கு 50 மி.கி., உணவோடு, தொடர்ந்து 3 நாள். நாடாப்புழுவுக்கான பிரசிகுவான்டல் மட்டும் உள்ள மாத்திரை உருளைப்புழுவைத் தொடாது. நாய்க்குட்டிக்கு 2, 4, 6, 8 வார வயதில், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. பூனைக்குட்டிக்கு 3-ஆம் வாரத்தில் தொடங்குங்கள்.

சினை நாயின் ரத்தத்தைப் பார்த்துக் குட்டிக்கு வருமா என்று கணிக்க முடியாது. உறங்கும் புழு ரத்தத்தில் தெரியாது. மருத்துவர் ஒப்புதலோடு சினையின் 40-ஆம் நாளிலிருந்து ஈன்ற 14-ஆம் நாள் வரை தினமும் ஃபென்பெண்டசோல் கொடுக்கும் முறை உண்டு. இது குட்டிகளின் சுமையை வெகுவாகக் குறைக்கும்.

மறுபரிசோதனைக்கு அவசரம் வேண்டாம். மருந்து கொடுத்த வாரமே பார்த்தால் ஈசினோபில் அப்படியே இருக்கும், சில நேரம் ஏறியும் இருக்கும். இரண்டாம் தவணை முடிந்து 4 வாரம் கழித்து மலமும் ரத்தமும் சேர்த்துப் பாருங்கள்.

மனிதர்களுக்கான ஆய்வகத்தில்தான் வேலை. நாய், பூனை மாதிரிகளும் வருகின்றன. எதைக் கவனிக்க வேண்டும்?
*– ஆய்வக நுட்புநர், பெரம்பலூர்*

ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. உள்ள சிறிய குழாயைக் குறியீடு வரை நிரப்பச் சொல்லுங்கள். குழாயில் பாதி ரத்தம்தான் என்றால் மிகை இ.டி.டி.ஏ. சிவப்பணுவைச் சுருக்கி, பி.சி.வி.யைப் பொய்யாக இறக்கும். இல்லாத சோகை பிறக்கும். ஒரு கிலோ குட்டிக்கு 1 மி.லி. எடுப்பதில் ஆபத்தில்லை. ஊசியைக் கழற்றிவிட்டுக் குழாயின் சுவர் வழியாக விட வேண்டும். ஊசி முனையால் பீய்ச்சினால் அணு உடையும். 8–10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஸ்மியரை (கண்ணாடித் தகட்டில் பரப்பும் ரத்தப் படலம்) உடனே போட்டுக் காயவையுங்கள். குழாய் பயணிக்க வேண்டுமானால் ஐஸ் பொதியைத் துணியில் சுற்றி அதன்மேல் வையுங்கள். உறைந்தால் எல்லாம் வீண்.

மனித அமைப்பில் ஓடும் கருவி பூனை ரத்தத்தில் தடுமாறும். பூனையின் சிவப்பணு சிறியது, தட்டணு பெரியது, அதுவும் கட்டிக்கொள்ளும். ‘தட்டணு குறைவு’ என்று அச்சடிப்பதற்கு முன் ஸ்மியரின் ஓரத்தைப் பாருங்கள். டிஃபரன்ஷியலைக் கையால் 200 செல் எண்ணுங்கள். லீஷ்மேன் சாயத்தில் பூனையின் ஈசினோபில் துகள்கள் குச்சிபோல நெருங்கி இருக்கும். நாயினுடையவை உருண்டை, அளவு ஒன்றுபோல் இராது.

மலத்துக்கு: ஒரு லிட்டர் வெந்நீரில் 360–400 கிராம் உப்பு, அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்க வேண்டும். 3 முதல் 5 கிராம் மலத்தை 40 மி.லி. கரைசலில் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்து, சோதனைக் குழாய் விளிம்பில் குமிழும் வரை ஊற்றி, கவர் ஸ்லிப் மூடி 15 நிமிடம். அரை மணிக்குமேல் விட்டால் உப்புப் படிகம் மூடிவிடும். டாக்சோகாரா முட்டை உருண்டையாக, கரும்பழுப்பாக, அம்மைத் தழும்பு போன்ற ஓட்டோடு இருக்கும். நாயினுடையது 75–90 மைக்ரான், பூனையினுடையது சற்றுச் சிறியது. டாக்சாஸ்காரிஸ் முட்டையின் ஓடு வழவழப்பானது. நாயின் மலத்தில் பூனைப் புழு முட்டை தெரிந்தால், நாய் பூனை மலத்தைத் தின்றிருக்கும்.

எங்கள் 3 வயது மகனுக்கு ஈசினோபில் கூடுதல் என்று வந்திருக்கிறது. வீட்டு நாய்தான் காரணமா?
*– வாசகி, வேலூர்*

இருக்கலாம், ஆனால் நாயைக் கட்டிப்பிடித்ததால் வந்திருக்க வாய்ப்புக் குறைவு. மலத்தோடு வெளிவந்த முட்டை, மண்ணில் குறைந்தது 2 வாரம் கிடந்து இளம்புழு உருவான பிறகுதான் தொற்றும். மண் தின்னும், மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தைக்கே ஆபத்து. 1952-இல் பீவரும் சக ஆய்வாளர்களும் இதை முதலில் விவரித்தபோது, அவர்கள் பார்த்ததும் ஈசினோபில் ஏறிய, ஈரல் வீங்கிய குழந்தைகளைத்தான். மனிதரில் இந்தப் புழு முதிர்வதில்லை; அதனால் குழந்தையின் மலத்தில் முட்டை தேடிப் பயனில்லை, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்க்க வேண்டும். கண்ணைத் தாக்கும் வகையில் ஈசினோபில் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், ஒரு கண் மாறுகண்ணாகவோ மங்கலாகவோ தெரிந்தால் கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். மனிதக் குடற்புழு, யானைக்கால் நோய்ப் புழு, ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை எல்லாமே ஈசினோபிலை ஏற்றும். குழந்தைநல மருத்துவரிடம் நாய் இருப்பதைச் சொல்லுங்கள். மருந்தை அவர் தீர்மானிக்கட்டும்.

நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிக் கழிவறையிலோ ஆழக் குழியிலோ போடுங்கள். அள்ளிய மலத்தில் உள்ள முட்டைக்கு அந்த 2 வாரம் கிடைக்காது. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இந்த முட்டையைக் கொல்லாது. சிமென்ட் தரைக்குக் கொதிநீர் ஊற்றித் தேய்க்க வேண்டும். பையன் விளையாடும் மணல் குவியலை இரவில் தார்ப்பாயால் மூடிவையுங்கள், தெருப் பூனைகள் அதைத்தான் தேடி வரும்.